திருப்பூவலூரின் அறுபத்தொரு வெள்ளோட்டங்கள்

புதுத் தேர் செய்து முடித்ததும் சுவாமியை ஏற்றாமல் ஒருமுறை வீதியைச் சுற்றி இழுத்துப் பார்க்கிறார்களே, அந்த வெள்ளோட்டம், சக்கரம் உருளுமா என்று பார்ப்பதற்காக நடத்தப்படுகிறது என்று பொதுமக்கள் நெடுங்காலமாக நம்பிவருகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். இது தவறு. வருத்தத்தோடும் முழுப் பொறுப்போடும் சொல்கிறேன், முற்றிலும் தவறு. சக்கரம் உருளும் என்பது தச்சருக்கு முந்தின நாளே தெரியும். வெள்ளோட்டம் சோதிப்பது இழுக்கிறவர்களை: எந்த மாமன் எந்த மச்சானோடு ஒரே வடத்தில் கைவைக்க மாட்டான், எந்தத் தெருமுனையில் யார் வீட்டுப் படியை இடிப்பதற்கு யார் காத்திருக்கிறார், யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்குக் கை மட்டும் இருக்கிறது என்பதையெல்லாம் தேரில் தெய்வம் இல்லாதபோதே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அன்றைக்குச் சொன்ன வார்த்தையும் செய்த தள்ளுமுள்ளும் கணக்கில் வராது. திருப்பூவலூரில் இதைக் குழந்தைகளும் அறிவார்கள். ஆகவே, பின்னால் நடந்ததை அந்த ஊர் எப்படி இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அவர்களுக்கு அதற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது என்பதுதான்.

அந்த ஊரின் தெற்கு வீதியில், தபால் நிலையத்துக்கு எதிரே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் அரசி கிராஃபிக்ஸ் இருந்தது. அதன் உரிமையாளர், வடிவமைப்பாளர், பிழை திருத்துபவர், தரை பெருக்குபவர் எல்லாம் மங்கையர்க்கரசி என்கிற நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவரே. பத்தொன்பது வருடங்களாக அந்த ஊரின் திருமணங்கள், காதணி விழாக்கள், புதுமனை புகுவிழாக்கள், கண்ணீர் அஞ்சலிகள் அத்தனைக்கும் ஃபிளெக்ஸ் பேனர் அந்த ஒரே டெஸ்க்டாப்பில்தான் உருவானது. ஊரில் ஒருவரும் தம் வாழ்நாளில் கோட்டு அணிந்ததில்லை; அரசியின் ஹார்ட் டிஸ்க்கில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கோட்டு அணிந்திருந்தார்கள். மாறுகண் நேராகியிருந்தது, வழுக்கையில் வகிடு எடுத்திருந்தது, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் தோளோடு தோள் நின்றார்கள். அச்சடித்த ஃபிளெக்ஸோ விழா முடிந்த மறுநாளே ஏதாவதொரு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிடும். எனவே, ஊர் தன்னை எப்படி நினைத்துக்கொண்டதோ அந்த ஊர் முழுவதும் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கோப்புகளாக அந்த டிஸ்க்கில் இருந்தது, வேறெங்கும் இல்லை. அரசிக்கும் அதுதான் தொழில், அதுதான் பத்தொன்பது வருடம்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை அந்த டிஸ்க் பல்லியைப் போலச் சத்தமிட ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் புகழேந்தி வந்து, டிஸ்க் இருந்த பெட்டியான கேபினட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஆறு வருடம் முன்பு இந்த ஊருக்கு வந்து, மாரிமுத்து லாட்ஜின் ஏழாம் எண் அறையில் தங்கியிருந்தவர். மெலிந்த, நாற்பத்தைந்து வயது மனிதர். சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைப் பேனாவைப் போலச் செருகியிருப்பார்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிடுச்சு மேடம்," என்றார்.

"எப்ப சார்?"

"அதைச் சொல்லல. டிஸ்க்குல முப்பது இடம், செக்டார்னு சொல்வோம், ஏற்கனவே செத்துப்போச்சு. எல்லாத்தையும் இன்டர்நெட்ல ஏத்தி வெச்சுடணும். பிரவுசர்ல இழுத்துப் போட்டா பாதியில நின்னுடும். இதுக்குன்னு ஒரு டூல் இருக்கு. மவுஸைத் தொடவே வேண்டாம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம சொல்லணும், அது செய்யும்."

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் ரகமத்துல்லா பாய், டீ கொடுக்க வந்தவர், திரும்பிப் போகாமல் வாசலில் சாய்ந்துகொண்டார். "என் வீட்டுல நான் சொன்னா யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க. அதை எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி."

மறுநாள் காலை புகழேந்தி அந்தக் கருவியை இறக்கினார். சுருட்டிக் கட்டிய ஜிப் கோப்பை விரித்தார். ஒரு ஃபோல்டரில் வைத்தார். கறுப்புத் திரையைத் திறந்து அதன் பெயரைத் தட்டினார். அப்படி ஒரு கட்டளையே தனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது.

"என்ன சார், இல்லைங்குது?" என்றாள் அரசி.

"இருக்கு மேடம். எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அதுக்கு நாம சொல்லல. அடுத்த தெருவுல இருக்கிற ஆளை ஊர்லயே இல்லைன்னு சாதிக்குது." அவர் எங்கோ உள்ளே போய், பாதைகள் எழுதியிருந்த ஒரு பட்டியலில் இன்னொரு பாதையைச் சேர்த்துவிட்டு வந்து மறுபடி தட்டினார். இந்த முறை ஆளைத் தெரிந்தது. பிறகு அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்றை அமைக்க வேண்டுமா, எந்த வகைச் சேமிப்பு, கீழே ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன, எண்ணைச் சொல், இதற்கு விடை இருக்கிறதா, இல்லையென்றால் காலியாக விடு, ஆமாவா, இல்லையா, உறுதியாகவா? புகழேந்தி எண்டரைத் தட்டிக்கொண்டே போனார்.

"கேக்குறதுக்கெல்லாம் எண்டர்தான் தட்டுறீங்க. இதை நானே தட்டியிருப்பேனே," என்றாள்.

"எங்க தட்டக்கூடாதுன்னு தெரியணும் மேடம். அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறாங்க." அவர் நின்றார். "இங்க பேர் கேக்குது. நாம ஏத்தப்போற இடத்துக்கு நாமளே ஒரு பேர் வைக்கணும்."

"மாடின்னு வைங்க," என்றார் பாய் வாசலிலிருந்து. "ஆஸ்பெஸ்டாஸ் கடைக்கு மாடி வந்த மாதிரி இருக்கும்."

அப்படியே மாடி என்று பெயர் வைக்கப்பட்டது. பிரவுசர் தானாகத் திறந்து அனுமதி கேட்டது, அரசி அனுமதித்தாள், மாடி திறந்தது. டி டிரைவில் இருப்பதையெல்லாம் மாடிக்கு நகலெடு என்று புகழேந்தி ஒரு வரி எழுதினார். ஒவ்வொரு கோப்பையும் முழுதாகத் திறந்து படித்துச் சரிபார்க்கும்படி ஒரு சொல்லையும், கடைசியில் இரண்டு கோடு போட்டு இன்னொரு சொல்லையும் சேர்த்தார்.

"இது டிரை ரன். எல்லாம் செய்யிற மாதிரி ஒவ்வொண்ணாக் காட்டும். ஆனா ஒண்ணும் செய்யாது. என்ன நடக்கும்னு பார்த்துக்கலாம், தப்பிருந்தா திருத்திக்கலாம். அப்புறம் இந்தக் கடைசிச் சொல்லை எடுத்துட்டு நிஜமா ஓட்டணும்."

"வெள்ளோட்டம்னு சொல்லுங்க," என்றார் பாய்.

"பிரூஃப்னு சொல்லுங்க," என்றாள் அரசி.

காலை மணி சரியாக ஒன்பதுக்கு அவள் எண்டரைத் தட்டினாள். வெள்ளை எழுத்தில் வரிகள் ஓட ஆரம்பித்தன: இந்தக் கோப்பு நகலெடுக்கப்பட்டிருக்கும், ஆனால் எடுக்கப்படவில்லை; அடுத்த கோப்பும் எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் எடுக்கப்படவில்லை. ஊர் தன் வேலையைப் பார்த்தது. மாலை ஐந்துக்குக் கடைசி வரி ஓடி முடிந்தது. முடிந்த மறுகணம் அதே செவ்வாய்க்கிழமையின் காலை மணி ஒன்பது. அரசியின் விரல் எண்டரின் மேல் இருந்தது. பாய் வாசலில் சாய்ந்திருந்தார். அவர் பகலில் விற்ற டீ முழுவதும் பாய்லருக்குத் திரும்பியிருந்தது. மார்க்கெட்டில் வெட்டிய பூசணிக்காய்கள் முழுதாக இருந்தன. மழித்த தாடைகளில் முள் இருந்தது. பதினொன்றரை மணிக்குப் புளியமரத்தில் மோதிய மினி லாரி ஒன்பது மணிக்கு எங்கே இருந்ததோ அங்கே, முகம் சுளியாமல், நின்றுகொண்டிருந்தது. நினைவு மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

முதலில் பேசியவர் பாய். "அப்ப அது வெள்ளோட்டம்," என்றார். மினி லாரியின் ஓட்டுநரும், அரை கிலோமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட அதே சொற்களைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வேறு வழியாகப் போனார்.

அரசி கடைசிச் சொல்லை அழித்துவிட்டு நிஜமாகவே ஓட்டத் தயாரானாள். அதற்குள் பாய் உள்ளே வந்துவிட்டார். "அரசிம்மா, ஒரே ஒரு உதவி. நாளைக்கு என் மக ஷமீமாவைப் பொண்ணு பார்க்க நாகூர்லேர்ந்து வர்றாங்க. நாளைக்கு ஒரு வெள்ளோட்டம் விட்டுட்டு, நிஜத்தை நாளான்னைக்கு வெச்சுக்கக் கூடாதா?"

இங்கே ஒரு தொழில் விவரத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அரசி யாருக்கும் இரண்டாவது பிரூஃப் இல்லை என்று சொன்னதில்லை. தாய்மாமன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு என்பார்கள், பெரிதாக்குவாள்; சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்பார்கள், சித்தப்பாவையும் பெரிதாக்குவாள்; ஆறாவது பிரூஃபில் மணமக்கள் ஒரு மூலைக்குப் போயிருப்பார்கள்; எல்லோரும் திருப்தியாகச் சரி என்று கையெழுத்துப் போடுவார்கள். "சரி பாய்," என்றாள்.

இப்படித்தான் அறுபத்தொரு வெள்ளோட்டங்கள் நடந்தன.

ஞாயிறு நீங்கலாக அநேகமாக எல்லா நாளும் ஒன்பது மணிக்கு வெள்ளோட்டம் கிளம்பி ஐந்துக்கு முடிந்து, மறுபடி ஒன்பதுக்கு நிஜம் தொடங்கியது. பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: வெள்ளோட்டத்தில் நிகழும் பிறப்புகள் நிஜத்தில் நிகழ்ந்த பின்னரே பதிவு செய்யப்படும். வடக்குத் தெருக் கற்பகவல்லிக்கு வெள்ளோட்டத்தில் பெண் குழந்தை பிறந்தது. நிஜத்திலும் பெண் குழந்தையே. ஆனால் மாமியார் சொன்ன பெயரைக் கூப்பிட்டுப் பார்த்ததில் நன்றாக இல்லை என்று தெரிந்துவிட்டதால் வேறு பெயர் வைத்தார்கள். தென்னையிலிருந்து விழுந்தவர் நிஜத்தில் ஏறவில்லை. இருபது வருடமாக மீசையை எடுக்கலாமா என்று யோசித்தவர்கள் எடுத்துப் பார்த்து, கண்ணாடியில் தங்கள் தம்பிகளைக் கண்டு, நிஜத்தில் முறுக்கிவிட்டுக்கொண்டார்கள். பொதுச்சுவர் தகராறில் இருந்த அண்ணன் தம்பிகள் இருவர், தினமும் வெள்ளோட்டத்தில் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டு, நிஜத்தில் களைப்போடு பாய் கடைக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

நாகரிகமும் வளர்ந்தது. வெள்ளோட்டத்தில் சொன்னதை நிஜத்தில் எடுத்துப் பேசுவது ஆகப் பெரிய அநாகரிகம் என்று ஆயிற்று. கணவன்மார்கள் மனைவிமார்களிடமும், மனைவிமார்கள் நாத்தனார்களிடமும், வங்கி ஊழியர்கள் மேலாளரிடமும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். கொட்டப்பட்டவர்கள் அதே அளவு திருப்பிக் கொட்டினார்கள். ஐந்து மணிக்கு எல்லாம் துடைக்கப்பட்டு, ஒன்பது மணிக்கு முகங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல இருந்தன. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வெள்ளோட்டத் தாலி கட்டினார். பந்தியில் தண்ணீர் வைக்க வந்த பெரியவரிடம் அவர் பேசிய விதத்தை மணப்பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜத்தில் அவள் மணமேடைக்கு வரவில்லை. கட்டிய தாலியின் நிலை என்ன என்று பெண் வீட்டார் விசாரித்தபோது குருக்கள், "தேர்ல சாமி ஏறலையே," என்று சொல்லி விவகாரத்தை முடித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளோட்டம் நினைவில் நிற்பதில்லை. இந்த ஊரில் கேட்பதற்கு முன்பே எல்லாரும் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர்கள் திருப்பூவலூர் நிறுத்தத்தில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஷமீமாவின் விஷயமும் அதனால்தான் இழுத்தது. நாகூர்க்காரர்கள் வெள்ளோட்டத்தில் சமோசாவில் உப்பில்லை என்றார்கள், நிஜத்தில் உப்பிருந்தது. பெண் என்ன படித்திருக்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா மூச்சை இழுக்கும்போதே ஷமீமா பட்டத்தைச் சொன்னாள். எல்லாம் அப்பழுக்கில்லாமல் நடந்தது. மனப்பாடப் போட்டிக்கு வந்த மாதிரி இருந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் வந்த இரண்டு வீட்டாரும் அதையே சொன்னார்கள். பாய் இதிலிருந்து தெரிந்துகொண்டது, அடுத்த முறைக்கு இரண்டு வெள்ளோட்டம் தேவை என்பது.

வெள்ளோட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இவ்வளவிலும் ஐந்து மணிக்குத் துடைக்கப்படாத பொருள் ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. செய்யாதே, செய்வது போலக் காட்டு என்று கருவிக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது. டிஸ்க்குக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வெள்ளோட்டத்திலும் நாற்பத்தோராயிரம் கோப்புகளையும் உண்மையாகவே படித்தது. படிப்பது படிப்பதுதான். ஒன்பது மணிக்கு ஊர் புதிதாகவும் டிஸ்க் ஒரு நாள் கிழமாகவும் இருந்தன. புகழேந்தி தினமும் வந்து செத்த செக்டார்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். முப்பது நாற்பதாயிற்று, நாற்பது இருநூறாயிற்று. பல்லி, மரங்கொத்தியாயிற்று.

"மேடம், போதும். நிஜத்தை ஓட்டிடுங்க," என்பார்.

"நாளைக்குச் சுமதி வீட்டுல வளைகாப்பு சார். கேட்டுட்டுப் போயிருக்காங்க."

"நாளான்னைக்கு?"

"லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டப் போறாங்களாம், பதினோரு பேர்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஊரில் எல்லோரும் எதையாவது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மட்டும் வெள்ளோட்டத்திலும் நிஜத்திலும் ஒரே மாதிரி வந்து, ஒரே மாதிரி நின்று, ஒரே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் போனார். அரசி அதைக் கவனித்திருந்தாள். கவனித்ததை அவளும் எந்த வெள்ளோட்டத்திலும் சொல்லவில்லை.

அறுபத்தோராவது வெள்ளோட்டம் முடிந்து ஒன்பது மணி திரும்பியபோது புகழேந்தி எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இன்னும் ஒரு ஓட்டம்தான் தாங்கும் மேடம். வெள்ளோட்டமோ, நிஜமோ. ரெண்டும் ஓடாது. ஒண்ணுதான்."

செய்தி அரை மணியில் ஊரைச் சுற்றியது. பத்து மணிக்குக் கடைக்குள் ஒன்பது பேரும் வாசலில் நூறு பேரும் நின்றார்கள். கவுன்சிலர் செல்லக்கண்ணு முதலில் பேசினார்.

"அரசி, வெள்ளிக்கிழமை கலெக்டர் சாக்கடையைப் பார்க்க வர்றார். அவர் என்ன கேப்பார்னு தெரியாம நான் எப்படிப் பதில் சொல்றது? அந்தக் கடைசி வெள்ளோட்டத்தை எனக்குக் குடு."

"சாக்கடையைக் கட்டியிருந்தா பதிலே சொல்ல வேண்டியதில்லையே அண்ணே," என்றது வாசலில் ஒரு குரல்.

"யாருடா அது?"

"வெள்ளோட்டத்துல சொல்றேன் அண்ணே!"

பாய் தன் மகளுக்குக் கேட்டார். வெள்ளிக்கிழமையே காரைக்காலிலிருந்து வருகிறார்கள். சுவர்த் தகராறு அண்ணன் தம்பிகள், இதுவரை அடித்துக்கொண்டதில் ஒரு முடிவு கிடைக்கவில்லை, இன்னும் ஒரே நாள் போதும் என்று கூட்டாகக் கேட்டார்கள். கடைசியில் அரசுப் பள்ளியின் பிலோமினா டீச்சர் எழுந்தார். பாதி ஊருக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் மீதி ஊரும் வாயை மூடிக்கொண்டது.

"கோபப்படாத அரசி. உன் கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் முடிஞ்சு போனது. எங்களுக்கு வேண்டியது நாளைக்கு வரப்போறது. எது பெருசுன்னு நீயே சொல்லு."

நியாயமான வாதம்தான். அரசி மவுஸை நகர்த்தினாள். டிஸ்க் மூன்று முறை கொத்தியது. திரையில் ஒரு ஃபிளெக்ஸ் மெல்லத் திறந்தது: பிலோமினா டீச்சரின் மகளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை கொடுத்த புதுநன்மை விழா, பதினான்கு வருடம் முந்தையது. வலது மூலையில், டீச்சரின் மறைந்த கணவர் ஜோசப் சார், கோட்டு அணிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜோசப் சார் சிரிச்ச படம் உங்க வீட்டுல வேற இருக்கா டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை. அந்த மனுஷன் கேமராவைப் பார்த்தா கணக்குப் பரீட்சை மாதிரி மூஞ்சியை வெச்சுக்குவார். இந்தச் சிரிப்பை நீ எங்கேர்ந்து எடுத்த?"

"ஆண்டு விழாக் கூட்டத்துல ஓரமா நின்னார். யாரோ நாற்காலியோட பின்னாடி சாய்ஞ்சு விழுந்தாங்க. அதைப் பார்த்துச் சிரிச்சார். வெட்டி எடுத்தேன். ஒருநாள் முழுக்க ஆச்சு." அவள் திரும்பினாள். "விழுந்தது நீங்கதான் செல்லக்கண்ணு அண்ணே. உங்களையும் தனியா வெட்டி வெச்சிருக்கேன். இதெல்லாம் நான் மறுபடி செய்ய முடியாது. எனக்கு இந்தக் கடைசி ஓட்டம் நிஜமா வேணும்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நிஜமே ஓட்டு," என்றார்.

"சரி, நிஜமே ஓட்டலாம்," என்றார் செல்லக்கண்ணு. "ஆனா அதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு வெள்ளோட்டம்..." என்று ஆரம்பித்தவர் ஊரே சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை புகழேந்தி அந்த வரியைத் தட்டினார். கடைசிச் சொல்லை அரசி அழித்தாள், ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து. ஒன்பது மணிக்கு எண்டர்.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு, தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத ஒரு வேலைநாளில் ஊர் இறங்கியது. நெட்வொர்க் அரசிக்கே கிடைக்கட்டும் என்று ஊர் முழுவதும் செல்போனை அணைத்து அரிசிப் பானைகளில் போட்டுவிட்டது. மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே சாப்பாட்டுத் தூக்கோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்: பெரியோர்களே, தாய்மார்களே, பன்னிரண்டு, பெரியோர்களே, தாய்மார்களே, பத்தொன்பது. மக்கள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, பனிக்கட்டி மேல் நடப்பவர்கள் போல நடந்து, எதிரில் வந்தவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் உண்மையைப் பேசிவிட்டார்கள். சலூனில் கத்தரிக்கோல் தவறி மூன்று பேருக்குப் பாதி மீசை போயிற்று. மீதியை எடுத்துவிட்டு அவர்கள் தைரியமாக வீதியில் வந்தார்கள். கலெக்டர் வந்தார், சாக்கடை ஏன் கட்டவில்லை என்று கேட்டார், செல்லக்கண்ணு தயாரித்து வந்த நான்கு பக்கமும் மறந்துபோக, "எனக்குக் கட்டத் தெரியலை சார்," என்று சொல்லிவிட்டார், இருபது வருடத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்று கலெக்டர் அங்கேயே ஒரு பொறியாளரை வரவழைத்தார். பாய் வீட்டில் ஷமீமா கைதவறி சர்பத்தை மாப்பிள்ளையின் அம்மா மடியில் கொட்டினாள். கொட்டியதும், எப்படி வந்ததென்று தெரியாமல், சிரித்துவிட்டாள், மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார், அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சரி, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றார். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டதில் இருவரும் சேர்ந்து சுவரின் மேல் விழுந்தார்கள். சுவர் போய்விட்டது. எழுந்து பார்த்தபோது சண்டைக்கு எதுவும் மிச்சமில்லை.

நாலு மணிக்குத் தொண்ணூற்றாறு. டிஸ்க் இப்போது கொத்தவில்லை, அழுதது. மெல்லிய, நீண்ட ஓசை. வாசலில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். புகழேந்தி கேபினட்டின் மூடியைக் கழற்றிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். அரசி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. அதற்குமேல் நகரவில்லை.

"மேடம்," என்றார் புகழேந்தி, விசிறியபடியே. "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"அறுபத்தொரு தடவை சொல்லியிருக்கலாம். கணக்குல வராத நாள்ல சொல்ல வேண்டாம்னு இருந்தேன். நிஜத்துல சொல்லத் தைரியம் இல்லை. நான்... லாட்ஜுல ஏழாம் நம்பர் ரூம்ல ஃபேன் சரியில்லை."

அரசி முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "இதைச் சொல்லவா ஆறு வருஷம்?"

"இல்லை, அது இல்லை. தப்பா ஆரம்பிச்சுட்டேன். உங்களைக் கட்டிக்கணும்னு... கல்யாணம்... உங்களுக்குச் சம்மதம்னா."

வாசலில் நூறு பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே எட்டிப் பார்த்த ஒலிபெருக்கிக்காரர், சதவீதத்துக்குப் பதிலாக இதை அறிவிக்கலாமா என்று பாயைச் சைகையில் கேட்டார். பாய் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதைத் திருப்பி எடுக்க முடியாது சார். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"திருத்தவும் முடியாது. நான் இனிமே எதுக்கும் ரெண்டாவது பிரூஃப் போடப் போறதில்லை."

"வேண்டாம் மேடம்."

"அப்ப முதல்ல மேடம்ங்கிறதை நிறுத்துங்க," என்றாள்.

டிஸ்க்கின் அழுகை நின்றது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். நூறு. நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழில் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு. பிழைகள் பூஜ்யம். கேபினட்டுக்குள் ஏதோ ஒன்று, கைவேலையைக் கீழே வைப்பது போல, மெல்லத் தட்டியது. அதன் பிறகு அந்த டிஸ்க் சுழலவே இல்லை.

மணி ஐந்து. ஊர் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு காலை ஒன்பதுக்குத் திரும்பக் காத்திருந்தது. ஒன்றும் திரும்பவில்லை. குடித்த டீ குடித்தவர்களிடமே இருந்தது, சர்பத் புடவையில் இருந்தது, சுவர் தரையில் இருந்தது. பிலோமினா டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு மணி ஒரு நிமிஷம்," என்றார். அதை மைக்கில் அறிவித்தார்கள். ஊர் கை தட்டியது.

ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். புது கம்ப்யூட்டரில், மாடியிலிருந்து வேண்டிய படங்களையெல்லாம் இறக்கி, அரசி தன் கல்யாண ஃபிளெக்ஸைத் தானே செய்தாள். புகழேந்திக்குக் கோட்டு போட்டாள். சொன்ன சொல்படி பிரூஃப் எடுக்காமல் நேரே அச்சுக்கு அனுப்பினாள்; பேருந்து நிலையத்திலும் நான்கு வீதிகளிலும் கட்டினார்கள்; எல்லோரும் பார்த்து, எல்லோரும் பாராட்டினார்கள். கல்யாணம் வியாழக்கிழமை. ஃபிளெக்ஸில் புதன்கிழமை என்று இருந்தது. ஊரில் பாதிப் பேர் புதன்கிழமை காலையே பட்டு உடுத்திக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு உப்புமா கிண்டிப் போட்டார்கள்.